செத்துக் கிடக்கும் யோர்ப்பும் தூக்கில் தொங்கும் பெடியனும்: கொமாண்டர் கீன் ரசிகர்கள் எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள்?

1994இல் வெளிவந்த டூம் 2 கேமில் 32ஆவது லெவல் ஒளித்து வைக்கப்பட்ட ஒன்று. 15ஆவது லெவலில் இருக்கிற ரகசிய வாசலைக் கண்டுபிடித்து 31ஆவதுக்குப் போக வேண்டும். அங்கேயும் இன்னொரு ரகசிய வாசலைத் தேடிப் பிடித்தால்தான் 32க்குப் போய்ச் சேரலாம். எதிரே வருகிற நாஸிப் படையினரை எல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டு கடைசி இடத்துக்குப் போனால், அங்கே நான்கு சின்னப் பெடியன்கள் தூக்கில் தொங்குகிறார்கள். நாலு பேரும் ஒரே ஆள்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் சிவப்புச் சப்பாத்து. நாலையும் சுட்டு முடித்தால்தான் வெளியே போகிற கதவு திறக்கும்.

அந்தப் பெடியனுடைய பெயர் பில்லி பிளேஸ். வயது எட்டு. தமையனுடைய ஃபுட்போல் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிவிட்டால் அவன் கொமாண்டர் கீன், பூமியைக் காக்கிற வீரன். டூமைச் செய்த ஐடி சொஃப்ட்வேர் என்ற நிறுவனம் உருவானதே இந்தப் பெடியன் உழைத்துக் கொடுத்த காசில்தான். மூன்று வருடம் கழித்து அதே நிறுவனம் அவனைத் தூக்கில் போட்டது. ஏன்? இந்தக் கேள்விக்குக் கீன் ரசிகர்களிடம் ஒரு பதில் இல்லை, பல பதில்கள் இருக்கின்றன. அந்தப் பதில்களை அடுக்கிப் பார்த்தால் 1990களின் அமெரிக்கக் கணினி விளையாட்டு வரலாற்றின் ஒரு துண்டு கையில் வரும் என்பது எங்கள் எண்ணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கேம் எங்களுக்கு ஞாபகம் இல்லை. எங்கட அம்மா அப்பாவுக்கும் இல்லை. கீன் வெளியான 1990 டிசம்பர் எண்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத காலம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். ஆகவே "அந்தக் காலத்தில் நாங்கள் விளையாடினோமே" என்கிற கண்ணீர் எங்களிடம் கிடையாது. டொஸ்பொக்ஸில் போட்டு, 30 வருடம் பிந்தி விளையாடினோம். பிறகு ரசிகர்கள் எழுதிக் குவித்ததை வாசித்தோம். அவர்களில் பெரும்பாலானவர்கள் அப்போது எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். தங்கள் வயதில் ஒருவன் கதாநாயகனாக இருந்ததை அவர்கள் இன்றைக்கும் விடவில்லை.

கதை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஷ்ரீவ்போர்ட் என்ற நகரத்தில் தொடங்குகிறது. அங்கே சொஃப்ட்டிஸ்க் என்றொரு நிறுவனம் இருந்தது. சந்தா கட்டியவர்களுக்கு மாதாமாதம் பிளொப்பியில் மென்பொருளும் கேம்களும் அனுப்புவது அதன் வேலை. ஜோன் கார்மக், ஜோன் ரொமேரோ, டொம் ஹோல், எட்ரியன் கார்மக் ஆகிய நால்வரும் அங்கேதான் வேலை செய்தார்கள். இரண்டு கார்மக்கும் சொந்தக்காரர் அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று.

அந்த நேரம் வீட்டுக் கணினி என்பது அலுவலகச் சாமான். நின்டெண்டோ பெட்டியில் மரியோ ஓடும்போது பின்னால் இருக்கிற உலகம் வழுக்கிக்கொண்டு நகரும். கணினியில் அது நடக்காது. திரை முழுவதையும் நொடிக்குப் பல தடவை திருப்பி வரைய அந்தக் காலத்து இயந்திரத்துக்குப் பலம் போதாது. ரொமேரோ முன்பு செய்திருந்த டேஞ்சரஸ் டேவ் கேமைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். டேவ் திரையின் விளிம்புக்குப் போனதும் காட்சி துண்டு துண்டாக மாறும், வழுக்காது. இதற்கு ஜோன் கார்மக் ஒரு வழி கண்டுபிடித்தார். ஈஜிஏ என்ற 16 நிற வரைகலை அட்டைக்கு, நினைவகத்தின் எந்த இடத்திலிருந்து காட்டத் தொடங்குவது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிற வசதி இருந்தது. திரையை விடச் சற்றுப் பெரிய படத்தை நினைவகத்தில் வரைந்து வைத்துக்கொண்டு, காட்டுகிற சட்டத்தை மட்டும் நகர்த்தினார். உலகம் சின்னச் சின்னச் சதுர ஓடுகளால் ஆனது. ஒரு சதுரத்துக்குப் பக்கத்தில் அதே நீல வானச் சதுரம்தான் இருக்கிறதென்றால் அதை மறுபடி ஏன் வரைய வேண்டும்? மாறின சதுரத்தை மட்டும் வரை. விசயம் அவ்வளவுதான். ஆனால் அதுவரை அதைக் கணினியில் இப்படி யாரும் செய்து காட்டவில்லை.

1990 செப்டெம்பரில் ஓர் இரவு முழுக்க முழித்திருந்து கார்மக்கும் ஹோலும் மரியோ 3 கேமின் முதல் லெவலைக் கணினியில் அப்படியே செய்து முடித்தார்கள். ஹோல் பக்கத்தில் மரியோவை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்தார். மரியோ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் டேவைப் போட்டார்கள். அதற்குப் பதிப்புரிமை மீறல் என்ற பொருளில் பகிடியாகப் பெயரும் வைத்து, பிளொப்பியை ரொமேரோவின் மேசையில் விட்டுவிட்டுப் போனார்கள். காலையில் வந்து போட்டுப் பார்த்த ரொமேரோவுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

இதை இன்னும் பெரிதாக்கி மரியோ 3இன் முழு மாதிரி ஒன்றைச் செய்து நின்டெண்டோவுக்கே அனுப்பினார்கள். அவர்களுக்குக் கணினிச் சந்தையில் விருப்பம் இல்லை, வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த மாதிரியின் பிளொப்பி 2021இல் நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டரில் இருக்கிற விளையாட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருத்தரும் வேண்டாம் என்ற பொருள் 30 வருடத்தில் அருங்காட்சியகப் பொருளாகிற கதை வரலாற்று மாணவர்களுக்குப் புதிதில்லை.

இனி வருவதுதான் எங்களுக்குப் பிடித்த கட்டம். ரொமேரோவுக்கு அந்தக் காலத்தில் ரசிகர் கடிதங்கள் வந்தன. உங்கள் கேம் அருமை, எனக்குக் கோல் எடுங்கள் என்று. பெருமையில் அவற்றைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். ஒருநாள்தான் கவனித்தார், வேறு வேறு பெயரில் வந்த கடிதம் எல்லாவற்றுக்கும் முகவரி ஒன்று! எழுதியவர் டெக்சாஸில் அப்போஜி என்ற சின்ன நிறுவனம் நடத்திய ஸ்கொட் மில்லர். நேரடியாக வேலைக்குக் கேட்டு எழுதினால் சொஃப்ட்டிஸ்க் கடிதத்தைக் கொடுக்காது என்ற பயத்தில் ரசிகர் வேடம் போட்டிருக்கிறார். ஆக, கொமாண்டர் கீன் பற்றிய ரசிகர் கருத்துகளின் வரலாறு, கீன் பிறப்பதற்கு முன்பே, பொய் ரசிகர் ஒருவரின் கடிதங்களில் தொடங்குகிறது. ரசிகர் எழுதினதை ஆதாரமாக எடுக்கிறவர்கள் இதை ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மில்லர் 2,000 டொலர் முற்பணம் அனுப்பினார். நால்வரும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அலுவலகக் கணினிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையில் இருந்த தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், சனி ஞாயிறு வேலை செய்துவிட்டுத் திங்கட்கிழமை காலை திருப்பி வைத்தார்கள். மூன்று மாதம்கூட எடுக்கவில்லை. 1990 டிசம்பர் 14 அன்று கீனின் முதல் மூன்று பாகங்களும் வந்தன. முதலாவது பாகம் இலவசம், யாரும் பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம். பிடித்திருந்தால் மற்ற இரண்டையும் தபாலில் காசு அனுப்பி வாங்க வேண்டும். முதல் மாதப் பங்காக வந்த காசோலை 10,500 டொலர். 1991 பெப்ரவரி 1ஆம் திகதி ஐடி சொஃப்ட்வேர் உருவானது.

தொழில்நுட்பத்தை விட ரசிகர்கள் அதிகம் கதைப்பது டொம் ஹோலைப் பற்றி. கீனின் உலகம் அவருடைய தலைக்குள்ளிருந்து வந்தது. அம்மா அப்பா வெளியே போன இரவில், பிள்ளை பார்க்க வந்தவர் தூங்கிவிட, பழைய சூப் தகரங்களால் செய்த ரொக்கெட்டில் ஒரு பெடியன் செவ்வாய்க்குப் போகிறான். அங்கே வோர்ட்டிகன்கள் என்ற நாய்முக வேற்றுக்கிரகவாசிகள் ரொக்கெட்டின் நாலு பாகங்களைக் களவெடுத்து ஒளித்துவிடுகிறார்கள். என்ன நாலு பாகம்? ஜோய்ஸ்டிக், கார் பெட்டரி, வேக்யூம் கிளீனர், ஒரு போத்தல் கடும் சாராயம். சாராயம் எரிபொருளாம். வீட்டில் கிடக்கிற சாமானை எடுத்து விண்வெளிக்குப் போகிற இந்தப் புத்தி பெரியவர்களுக்கு வராது. ஹோலுக்கு வந்தது.

சரி, சண்டைக்கு வருவோம். முதலாவதும் பெரியதும், சவங்களைப் பற்றியது.

செவ்வாயில் யோர்ப் என்றொரு பிராணி இருக்கிறது. பச்சை நிறம், ஒற்றைக் கண். அது ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாது, வந்து இடிக்கும், அவ்வளவுதான். ஆனால் கீனின் கையில் ஒரு கதிர்த் துவக்கு இருக்கிறது. யோர்ப்பைச் சுட்டால் அது செத்துவிழும். மரியோவில் எதிரியை மிதித்தால் அது திரையை விட்டு விழுந்து மறைந்துபோகும். இங்கே மறையாது. லெவலை விட்டுப் போகும்வரை சவம் அப்படியே கிடக்கும். திரும்பி அந்த வழியால் வந்தால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இது தற்செயல் அல்ல. சாவு என்பது திரும்பாத ஒன்று என்று பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே ஹோல் இதை வைத்தார்.

பெற்றோர்கள் முறைப்பாடு செய்தார்கள், பிள்ளைகளுடைய கேமில் ஏன் சவம் கிடக்கிறது என்று. அதனால் அடுத்த பாகங்களில் துவக்கு மாறியது. நாலாவது பாகத்திலிருந்து கீன் வைத்திருப்பது மயக்கத் துவக்கு. சுடுபட்ட பிராணியின் தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்கும், ஆள் சாகாது. கேம் சுமுகமானது. இங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். மயக்கத் துவக்குதான் கீனின் விளையாட்டுத்தனத்துக்குப் பொருத்தம், எட்டு வயதுப் பெடியன் கொலைகாரனாக இருக்கத் தேவையில்லை என்பது ஒரு பக்கம். சவம் கிடந்த கேம்தான் நேர்மையான கேம் என்பது மற்றப் பக்கம். மயக்கத் துவக்கு வந்த பிறகு யாரைச் சுடுகிறோம் என்ற யோசனையே இல்லாமல் கண்டதையெல்லாம் சுடலாம் என்கிறார்கள் இவர்கள்.

இதற்கு மேல் கதையில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் வோர்ட்டிகன்களின் தாய்க்கப்பலுக்குள் போகும்போது ஓர் உண்மை தெரியவருகிறது. வோர்ட்டிகன்கள் தங்கள் விருப்பத்தில் சண்டைக்கு வரவில்லை. யாரோ ஒருவன் அவர்களுடைய மூளையைக் கட்டுப்படுத்துகிறான். மூன்றாம் பாகத்தில் கீன் அவர்களுடைய சொந்தக் கிரகத்துக்கே போகிறான். அங்கே படையினர் மட்டும் இல்லை. தாய்மார் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். துவக்கு இன்னும் பழைய துவக்குத்தான்.

இதை விளையாடும்போது எங்களில் இரண்டு மூன்று பேர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். சிரிப்புக் கேம், கார்ட்டூன் நிறம், எல்லாம் சரி. ஆனால் பிள்ளையின் கையில் துவக்கு, எதிரே வேறொருவன் ஏவிவிட்ட ஆட்கள், நடுவில் தாயும் பிள்ளையும் எண்டால் எங்கட நாட்டில் பிறந்தவர்களுக்கு அது வெறும் பகிடியாகத் தெரியாது. ஹோல் இவ்வளவையும் யோசித்து வைத்தாரா என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் ரசிகர்களில் சிலர் ஒருத்தரையும் சுடாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கிறார்கள், யோர்ப்பைச் சுடுகிறவனை நக்கலடிக்கிறார்கள். சவம் மறைந்துபோகிற கேமில் இப்படியொரு பழக்கம் வந்திருக்காது என்றே நினைக்கிறோம். இந்தச் சண்டையில் நாங்கள் இரண்டாவது பக்கம்.

இரண்டாவது சண்டை, எந்தத் தொகுதி நல்லது என்பது. 1991 டிசம்பரில் நாலாவதும் ஐந்தாவதும் ஒரு சோடியாக வந்தன. அதே மாதம் ஆறாவது பாகம் வேறொரு நிறுவனத்தால், ஃபோம்ஜென் என்ற பெயரில், பெட்டியில் அடைத்துக் கடைக்கு வந்தது. முதல் மூன்றோடு ஒப்பிட்டால் இவை வேறு உலகம். கீன் விளிம்பைப் பிடித்துத் தொங்குவான், கம்பத்தில் ஏறுவான். பொபி பிரின்ஸின் இசை இருந்தது, முதல் மூன்றில் கணினியின் உள்ளிருந்து வருகிற கீச்சுச் சத்தம் மட்டும்தான். லெவலுக்கு நடுவிலேயே சேமித்து வைக்கலாம். பழையதில் வெளி வரைபடத்துக்குத் திரும்பி வந்தால்தான் சேமிக்க முடியும். பெரும்பாலான ரசிகர்கள் நாலாவதுக்கே முதலிடம் கொடுக்கிறார்கள். விளையாடிப் பார்த்தால் நியாயம் என்றுதான் தெரியும். முதல் மூன்றில் கீன் குதிப்பதற்கு முன் ஒரு கணம் பதுங்குவான். அந்தக் கணத்துக்குப் பழகாவிட்டால் குழியில் விழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். பழையதை விரும்புகிறவர்கள் அதுதான் கெட்டித்தனம் என்பார்கள். இருக்கட்டும்.

நாலாவது பாகத்தின் ஒரு விசயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு பிரமிட்டுக்குள் அங்குலப் புழுக்கள் ஊர்ந்து திரியும். பார்த்தால் சும்மா அலங்காரம். ஆனால் 12 புழுக்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் அவை ஒன்றாகி ஒரு பெரிய பாதமாக மாறும். அதைத் தொட்டால் ரகசிய லெவல். 12 அங்குலம் ஓர் அடி! இந்தப் பகிடி தமிழில் அப்படியே வேலை செய்கிறது பாருங்கள், எங்களுக்கும் அடி என்றால் அளவும்தான், பாதமும்தான். வேறு எத்தனை மொழியில் இது பலிக்குமோ. இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனால் அங்கே காப்பாற்றப்படக் காத்திருப்பவர் பெரிய ஞானி இல்லை, கூட்டித் துடைக்கிற தொழிலாளி. இணையம் இல்லாத காலத்தில் இதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொன்னால் மற்றவன் நம்பியிருக்க மாட்டான்.

அதேபோல ஒன்று கீனின் எழுத்து. சுவர்களிலும் பலகைகளிலும் வேற்றுக்கிரக எழுத்தில் ஏதோ எழுதியிருக்கும். ஹோல் ஆங்கிலத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி உண்டாக்கியிருந்தார். பிள்ளைகள் கொப்பியில் எழுதி எழுதி அதைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் வயதுக்காரர் பலர் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே. மைன்கிராஃப்டில் மந்திரம் ஏற்றுகிற மேசையில் ஓடுகிற எழுத்து அதுதான். நாலாவது பாகத்தில் வருகிற டோப்ஃபிஷ் என்ற பல்லுமிதந்த பச்சை மீனும் அப்படியே. பிற்காலத்தில் குவேக் உட்பட வேறு பல கேம்களுக்குள் ஒளித்து வைக்கப்பட்டது. ஒரு தொடர் செத்த பிறகும் அதன் துண்டுகள் மற்ற வீடுகளில் வாழ்வது இப்படித்தான்.

செத்தது எப்போது? ஐந்தாவது பாகத்தின் முடிவில் கீனுக்கு ஒரு கடிதம் கிடைக்கிறது. அவனுடைய பள்ளிக்கூட எதிரி மோர்ட்டிமர் சாகவில்லை, இனி அழிக்கப்போவது பூமியை அல்ல, முழுப் பிரபஞ்சத்தையும். கீனின் மூளைத்திறன் 314 என்றால் மோர்ட்டிமருக்கு 315, அந்த ஒரு புள்ளிதான் அவனுடைய முழு ஆணவமும். அடுத்த மூன்று பாகங்கள் 1992 நத்தாருக்கு என்று திட்டமும் இருந்தது. வரவில்லை. 1992 மே மாதம் ஐடியின் உல்ஃபென்ஸ்டைன் 3டி வந்தது. முதல் ஆள் பார்வையில், ஓடி ஓடி நாஸிகளைச் சுடுகிற கேம். அது ஓடிய ஓட்டத்தில் பக்கவாட்டில் நகர்கிற கார்ட்டூன் பெடியனுக்குத் திரும்பி வர நிறுவனத்தில் ஒருவருக்கும் நேரம் இல்லை. அடுத்தது டூம். விரிவான கதை எழுதிக் கொடுத்த ஹோலுக்கும், கதை தேவையில்லை என்ற கார்மக்குக்கும் ஒத்துப்போகவில்லை. 1993இல் ஹோல் வெளியேறினார்.

இந்தக் காலவரிசையைத் தெரிந்துகொண்டு முதலில் சொன்ன தூக்குமரத்துக்குத் திரும்பிப் பாருங்கள். ஹோலின் கணக்குப்படி உல்ஃபென்ஸ்டைனின் வீரன் பிளாஸ்கோவிச் கீனுடைய தாத்தா. பிளேஸ் என்பது பிளாஸ்கோவிச்சின் சுருக்கம். அந்த 32ஆவது லெவலும் உல்ஃபென்ஸ்டைனைத் திருப்பிக் கட்டின லெவல்தான். தாத்தாவின் கோட்டைக்குள் பேரன் தொங்குகிறான், பேரனைப் பெற்றவர் ஒரு வருடத்துக்கு முன்பே வெளியேற்றப்பட்டுவிட்டார். ரசிகர்களில் ஒரு பகுதியினர் இது ஹோலுக்குச் செய்த அவமரியாதை என்கிறார்கள். இன்னொரு பகுதியினர், தங்களுடைய பழைய கேமைத் தாங்களே கிண்டலடிப்பது இளம் பெடியங்களின் பகிடி, அதில் வஞ்சம் தேடாதே என்கிறார்கள். டேவிட் குஷ்னர் 2003இல் எழுதிய நூலிலும் ரொமேரோ 2023இல் எழுதிய தன்வரலாற்றிலும் இந்த நால்வருடைய உறவு விரிவாக வருகிறது. எட்ரியன் கார்மக்குக்கு இருண்ட, கோரமான ஓவியங்களில்தான் ஆசை என்பதும், கீனின் பிரகாசமான உலகத்தை வரைவது அவருக்கு ஒரு கடமையாகவே இருந்தது என்பதும் தெரிந்த விசயம். எங்களுக்கு இரண்டாவது விளக்கம் முழுதாகப் பொருந்தவில்லை. பகிடி என்றால் ஒரு பொம்மை போதும். நாலைத் தொங்கவிட்டு, நாலையும் சுட்டால்தான் கதவு திறக்கும் என்று வைப்பது பகிடிக்கு மேலே ஒன்று. ஆனால் நிரூபிக்கச் சொன்னால் எங்களிடம் கடிதமோ குறிப்போ இல்லை, லெவல் மட்டும்தான் இருக்கிறது.

2001இல் கேம் போய் கலருக்கு ஒரு கீன் வந்தது. அதைப் பற்றி ரசிகர்கள் அதிகம் கதைப்பதில்லை, நாங்களும் கதைக்கவில்லை.

2019 ஜூனில் நடந்தது வேறு. ஐடியை வாங்கியிருந்த குழுமத்தின் பெதஸ்டா நிறுவனம், ஈ3 மேடையில் கைபேசிக்கான புதிய கீனை அறிவித்தது. கதாநாயகர்கள் கீனின் இரட்டைப் பிள்ளைகள். ஹோலுக்கு அதில் பங்கு இல்லை. முன்னோட்டம் வந்த உடனே ரசிகர்கள் கொதித்தார்கள். குதித்துத் தாண்டி ரகசிய வழி தேடுகிற விளையாட்டு எங்கே, விரலால் தட்டிச் சீட்டு விடுகிற விளையாட்டு எங்கே என்று. அந்தக் கேம் முழுமையாக வெளியாகாமலே சத்தமின்றி மறைந்தது. இதை ரசிகர்களின் வெற்றி என்று கொண்டாடினவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் சங்கடம். புதியதில் ஒரு பெண்பிள்ளையும் கீனாக இருந்தாள், கோபத்தில் ஒரு பங்கு அவள் மேலும் விழுந்தது. பழைய கேம்மீது வைத்த அன்பு என்று சொல்லப்படுகிற எல்லாமே அன்பு இல்லை.

அன்பு எண்டால் நாங்கள் காட்டக்கூடியது இன்னொன்று. உல்ஃபென்ஸ்டைனின் மூலநிரலை ஐடி 1995இல் வெளியிட்டது, டூமினுடையதை 1997இல். கீனின் ஆறு பாகங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ரசிகர்கள் கேம் கோப்புகளை பைட் பைட்டாகப் பிரித்துப் படித்து, எது எங்கே இருக்கிறது என்று தாங்களே எழுதி வைத்தார்கள். லெவல் திருத்துகிற கருவிகள் செய்தார்கள். பிறகு கொமாண்டர் ஜீனியஸ், ஒம்னிஸ்பீக் என்று, பழைய கீனை இன்றைய கணினிகளில் ஓடவைக்கிற திறந்த மென்பொருள்களை உருவாக்கினார்கள். வராமல் போன அடுத்த மூன்று பாகங்களையும் சிலர் தாங்களே செய்து பார்த்தார்கள். எங்கள் விரிவுரைகளில் ஆவணக் காப்பகம் என்றால் அரசாங்கத்தின் கட்டடம். இங்கே காப்பகம் என்பது வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து செய்கிற சம்பளமில்லாத ஆட்கள்.

அவர்களுக்கு இருக்கிற இன்னொரு தலையிடி, எதைக் கீன் என்று கணக்கில் எடுப்பது என்பது. 1991இல் ஐடி, சொஃப்ட்டிஸ்கை விட்டு வந்ததற்கு ஈடாக அவர்களுக்குச் சில கேம்கள் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று கீன் ட்ரீம்ஸ். மரக்கறி சாப்பிட மறுத்துத் தூங்குகிற கீன், கனவில் உருளைக்கிழங்கு அரசனோடு சண்டை பிடிக்கிறான். குதிக்கிற கம்பு இல்லை, துவக்கு இல்லை. இதை மூன்றரையாவது பாகம் என்று சொல்கிறவர்கள் உண்டு, கனவு கணக்கில் வராது என்று தள்ளுகிறவர்களும் உண்டு. உரிமை சொஃப்ட்டிஸ்க் பக்கம் போனதால் அது வேறு கைகளில் சுற்றித் திரிந்தது. வேடிக்கை என்னவென்றால் அப்படி வெளியே போனதால்தான் அதன் மூலநிரல் மட்டும் 2014இல் பொதுவுக்கு வந்தது. தள்ளிவைக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் பிறப்புப் பத்திரம் இருக்கிறது.

ஆறாவது பாகத்தின் நிலைமை இதைவிட மோசம். 2007இல் ஸ்டீமில் விற்பனைக்கு வந்த கீன் தொகுப்பின் பெயரிலேயே முழுத் தொகுப்பு என்று இருக்கிறது. உள்ளே ஐந்து பாகங்கள்தான். ட்ரீம்ஸ் இல்லை, ஃபோம்ஜென் வெளியிட்ட ஆறாவதும் இல்லை. காணாமல் போன அந்த ஆறாவதில்தான் கீனைப் பார்த்துக்கொள்ள வந்த மொலியை வேற்றுக்கிரகவாசிகள் கடத்திப் போகிறார்கள். கடைசியில் அவளைக் காப்பாற்றும்போது அவள் சொல்கிறாள், மோர்ட்டிமர் தன்னுடைய தம்பி, அவன் பிரபஞ்சத்தை வெடிக்கவைக்கப் போகிறான் என்று. காசு கொடுத்து முழுத் தொகுப்பை வாங்கினவருக்கு இந்த வசனம் கிடைக்காது.

முதலாவது பாகமும் நாலாவதும் அன்று போல இன்றும் இலவசமாகப் பகிரக்கூடியவை. ஒரு மெகாபைட்டைச் சுற்றித்தான் அளவு, டேட்டா ஒன்றும் போகாது. விளையாடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: யோர்ப்பின் தலையில் குதித்தாலே அது கொஞ்ச நேரம் மயங்கி நிற்கும், அதற்குள் தாண்டிப் போய்விடலாம்.